விழுந்த பிறகு நிதானம் என்ன செய்யும்?

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தலைவரே, நிதானம் நிதானம் என்று மூச்சு வாங்கப் பேசிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

'இரு சக்கர வாகனத்தில் நம்மைப் பெரிதும் காப்பது நிதானமா, கவசமா?' என்பது தலைப்பு. கவசமே என்று பேச வந்திருக்கிறேன். கவசம் என்றதும் ஹெல்மெட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். கையுறை, ஜாக்கெட், முட்டிக்கவசம், கணுக்காலை மூடும் பூட்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் மார்தட்டிக்கொண்டு ஒன்று சொன்னார். "நான் இருபதைத் தாண்டவே மாட்டேன். எனக்கு எதற்குக் கவசம்? விழுந்தாலும் எழுந்து தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்" என்றார். அவை கைதட்டியது. நானும் தட்டினேன், நடுவர் அவர்களே. நிதானமாகப் போகிறவரும் விழுவார் என்று எங்களுக்காக அவரே சாட்சி சொல்லிவிட்டாரே, தட்டாமல் இருக்க முடியுமா?

சரி, அந்த இருபதையே எடுத்துக்கொள்வோம். அது வண்டி முன்னால் ஓடுகிற வேகம். தலை தரைக்கு வருகிற வேகம் வேறு. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை மீட்டரிலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துக் கணக்குதான், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடந்தாலும் இந்த 20 குறையாது. அண்ணன் ஆக்சிலேட்டரைக் கட்டுப்படுத்துவார், நம்புகிறேன். பூமி இழுப்பதை எந்தக் கையால் கட்டுப்படுத்துவார்?

விழுவதற்கு ஆகும் நேரத்தையும் பாருங்கள். அதே ஒன்றரை மீட்டருக்கு அரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே. வண்டி சாய்ந்துகொண்டே விழுகிறது என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டாலும், 'ஐயோ' என்று சொல்லி முடிப்பதற்குள் தரை வந்துவிடும். யோசிக்கவே நேரமில்லாத இடத்தில் நிதானம் எங்கிருந்து வரும்?

ஹெல்மெட் ஏதோ பந்தய வேகத்துக்காகச் செய்யப்பட்டது, நமக்கு அது அதிகப்படி என்று ஒரு நினைப்பு நிறையப் பேருக்கு இருக்கிறது. ஐரோப்பாவின் 22.05 என்ற ஹெல்மெட் விதியில் இருந்த மோதல் சோதனையின் வேகம் வினாடிக்கு 7.5 மீட்டர். மணிக்கணக்கில் சொன்னால் வெறும் 27 கிலோமீட்டர்! அடுத்து வந்த 22.06 விதியில் வேகத்தைக் கூட்டி ஒரு சோதனை வைத்தார்கள். கூடவே வினாடிக்கு 6 மீட்டர் என்று வேகத்தைக் குறைத்தும் ஒரு சோதனை வைத்தார்கள். மெதுவான அடிக்கும் அது இளகிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. ஆக, ஹெல்மெட் பரீட்சை எழுதித் தேறுவதே எதிரணித் தலைவர் விழப்போகும் வேகத்தில்தான்.

உள்ளே என்ன நடக்கிறது? மேல் ஓட்டுக்குக் கீழே தெர்மகோல் போன்ற இறுகிய நுரை ஒன்று இருக்கிறது. அடி விழுந்ததும் அது நசுங்குகிறது. 3 சென்டிமீட்டர் நசுங்கி அந்த ஒன்றரை மீட்டர் வீழ்ச்சியை நிறுத்தினால், தலை தாங்குவது புவியீர்ப்பைப் போல சராசரியாக 50 மடங்கு. வெறும் மண்டை தார்ச்சாலையில் பட்டு 5 மில்லிமீட்டருக்குள் நின்றால் அது 300 மடங்கு. அந்த 3 சென்டிமீட்டரைத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். நசுங்கிய நுரை பழையபடி எழும்பாது. அதனால்தான் ஒரு முறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டை, வெளியே பளபளவென்று இருந்தாலும், தூக்கிப் போடச் சொல்கிறார்கள். வாரைப் பூட்டாமல் தலையில் சும்மா கவிழ்த்துக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம் போகும், அவர்கள் ஒரு பக்கம் போவார்கள்.

அடுத்து, மெதுவாகப் போனால் விழுவது குறையும் என்றார் இரண்டாவதாகப் பேசிய அண்ணன். வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். ஓட்டத்தில் இருக்கும் வண்டி தானாகவே நிமிர்ந்து நிற்கப் பார்க்கும். சாய்கிற பக்கமாக முன்சக்கரம் தன்னால் திரும்பி வண்டியைத் தாங்கிக்கொள்ளும். நடை வேகத்துக்கு இறங்கினால் அந்த உதவி போய்விடும். அப்புறம் வண்டியைத் தாங்குவது நம் கையும் காலும் இடுப்பும்தான். யு டர்ன், வண்டி நிறுத்துமிடத்துச் சரிவு, வளைவில் சிதறிக் கிடக்கும் மணல், மழையில் நனைந்த வெள்ளைக்கோடு என்று வண்டி படுக்கும் இடங்களைச் சொல்லச் சொன்னால் பாதிக்கு மேல் மெதுவாகப் போகிற இடங்களாகத்தான் வரும்.

எங்கள் சித்தப்பாவைச் சொல்கிறேன். அவரைவிட நிதானமான மனிதரை இந்த மேடைக்குக் கொண்டுவர முடியாது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள். வண்டி நிறுத்துமிடத்தில் இடம் தேடி, ஹேண்டில்பாரை முழுக்க ஒடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நடந்து வந்தவர் அவரை முந்திவிடுவார், அந்த வேகம். யாரோ குறுக்கே வந்தார்கள். முன் பிரேக்கை லேசாகத் தொட்டார். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் என்ன ஆகும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். வண்டி அந்தப் பக்கமே படுத்தது. இவர் கையை ஊன்றினார்.

அன்றைக்கு அவர் கையில் கையுறை இருந்தது, முட்டியில் ஒன்றும் இல்லை. கையுறையை நான் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டி, கடினமான பிளாஸ்டிக் தகடு ஒன்று வைத்துத் தைத்திருப்பார்கள். அதில் ஒரே திசையில் கோடு கோடாகக் கீறல். சுண்டுவிரல் பக்கம் இரண்டு தையல் விட்டிருந்தது. உள்ளே இருந்த கை? கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். முட்டிக்கு வருவோம். ஜீன்ஸில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை. உள்ளே தோல் வழண்டு, பொடிக் கற்கள் சதைக்குள் பதிந்திருந்தன. அவற்றை அப்படியே விட்டால் ஆறின பிறகும் தோலுக்கு அடியில் கறுப்புப் புள்ளிகளாகத் தங்கிவிடும், பச்சை குத்தியது போல. அதனால் செவிலியர் பிரஷ் வைத்துத் தேய்த்து எடுத்தார். எங்கள் சித்தப்பா சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒரே ஆள், ஒரே நிதானம், ஒரே விழுகை. கவசம் இருந்த இடத்துக்கு ஒரு நியாயம், இல்லாத இடத்துக்கு ஒரு நியாயம்!

கையுறையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெல்மெட் போடுகிறவர்கள்கூட இதை விட்டுவிடுகிறார்கள். விழுகிற எவரும் கையை ஊன்றத்தான் செய்வார்கள். ஊன்றாதே என்று சொல்லிப் பயனில்லை, உடம்பு கேட்காது. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. ஊன்றிய கை தரையில் கவ்விக்கொண்டு நின்றுவிட்டால், உடம்பின் பாரம் முழுக்க வந்து அதன் மேல் இறங்கும். அது உடைந்தால் முதல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியவே தெரியாது. 'சுளுக்கு' என்று எண்ணெய் தடவிக்கொண்டு திரிவார்கள். அந்த எலும்புக்கு ரத்தம் போகும் வழியும் வித்தியாசமானது, விரல் பக்கத்து முனையில் நுழைந்து பின்னோக்கிப் போகிறது. நடுவில் உடைந்தால் உள்பக்கத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோகலாம். மாவுக்கட்டு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். அந்தப் பிளாஸ்டிக் தகடு செய்வது ஒரே வேலைதான்: கை கவ்வாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி விடுகிறது.

கணுக்கால் கதையும் இதேதான். நூற்றைம்பது கிலோ வண்டி சாயும்போது கால் அடியில் மாட்டும். செருப்பு என்ன செய்யும்? அதுதான் முதலில் கழன்று ஓடும்.

ஆராய்ச்சி இருக்கிறதா என்று எதிரணியில் ஒரு தங்கை கேட்டார். இருக்கிறது அம்மா. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் அறிக்கை கொடுத்தார்கள். மோதும் நேரத்து வேகத்தின் நடுமதிப்பு மணிக்கு 21.5 மைல், அதாவது சுமார் 35 கிலோமீட்டர். பாதி விபத்துகள் அதற்கும் கீழே! ஹெல்மெட்டைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2008-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வு, அது தலைக்காய வாய்ப்பை சுமார் 69 சதவீதமும் மரண வாய்ப்பை சுமார் 42 சதவீதமும் குறைக்கிறது என்று சொல்கிறது. 2011-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், விழுந்தவர்களில் மோட்டார் சைக்கிளுக்கான கையுறை போட்டிருந்தவர்கள் மருத்துவமனையில் சேரவேண்டி வந்த வாய்ப்பு, போடாதவர்களைவிட 59 சதவீதம் குறைவு. அதற்கான பேன்ட் என்றால் 51 சதவீதம், ஜாக்கெட் என்றால் 21.

தங்கை வக்கீல் மாதிரி அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருப்பார், அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அதே ஆய்வில், அடிபட்ட ஜாக்கெட்டுகளிலும் பேன்ட்டுகளிலும் கையுறைகளிலும் நான்கில் ஒன்றுக்கு மேல் கிழிந்தோ பிரிந்தோ போயிருந்தன. உண்மைதான். அதனால் தரம் பார்த்து வாங்கு என்றுதான் அர்த்தமே தவிர, வெறும் தோலோடு போ என்று அர்த்தமில்லை. நம் தோலின் கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதற்கு எந்தத் தரச்சான்றும் இல்லை.

'கவசம் போட்டால் தைரியம் வந்து முறுக்குவார்கள்' என்றும் ஒருவர் சொன்னார். முறுக்குகிறவன் சட்டை போடாமலும் முறுக்குகிறான், நாம் பார்க்கவில்லையா? 'புழுங்குகிறது' என்றார் இன்னொருவர். புழுங்கும், மறுக்கவில்லை. காற்று புகும் வலை ஜாக்கெட் வந்துவிட்டது. முழங்கையிலும் தோளிலும் தடுப்புப் பட்டை அதிலும் உண்டு. அதற்கு மேல் வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் சொன்ன அந்த "எழுந்து தட்டிவிட்டுப் போவது" இருக்கிறதே, அதுதான் எனக்குப் பயம். நெற்றிப்பொட்டுப் பக்கம் மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. அங்கே அடிபட்டு எலும்பு விரிந்தால் குழாய் கிழிந்து, ஓட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் சேரத் தொடங்கும். சிலருக்கு ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாது. எழுந்து நிற்பார், வண்டியைத் தூக்கி நிறுத்துவார், கூடியிருப்பவர்களிடம் "ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை" என்பார், வீட்டுக்கும் போய்விடுவார். சில மணி நேரம் கழித்துத் தலைவலி, வாந்தி, நினைவு தடுமாறும். மருத்துவர்கள் நன்றாக அறிந்த நிலைதான் இது. தலையில் அடிபட்டவர் தெளிவாகப் பேசுகிறார் என்பதற்காக அவரை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது இதனால்தான்.

நிதானம் நம் கையில் இருக்கிறது, சரி. எதிரே வருகிறவருடைய நிதானம்? முதல் உலகப் போரில் 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பேர் வாங்கிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டி. இ. லாரன்ஸ், 1935 மே மாதம் இங்கிலாந்தில் தன் வீட்டுக்குப் பக்கத்துச் சாலையில், சைக்கிளில் போன இரண்டு பையன்கள் மேல் மோதாமல் இருக்க வண்டியை ஒடித்து விழுந்தார். பல ஆண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியவர், பழகிய சாலை. தலையில் கவசம் இல்லை. ஆறு நாள் கழித்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் பிறகு ராணுவ ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, ஹெல்மெட்டின் அவசியத்தை 1941-இல் கட்டுரையாக எழுதினார். அதே ஆண்டு பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. ராணுவத்துக்கு நிதானம் தெரியாது என்று எதிரணி சொல்லாது என்று நம்புகிறேன்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். அடுத்து பேச வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு கேள்வி. இவ்வளவு நேரம் ஓட்டுகிறவரின் நிதானத்தைப் பற்றியே பேசினீர்கள். பின்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் கையில் பிரேக் இல்லை, ஹேண்டில்பார் இல்லை, முன்னால் என்ன வருகிறது என்றுகூட சரியாகத் தெரியாது. வண்டி சாய்ந்தால் அவரும்தான் விழுவார், அதே உயரத்திலிருந்து. அவர் எந்த நிதானத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்? அதைச் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். நன்றி, வணக்கம்.