என்.டி.ஏ. கையெழுத்து வாங்கிவிட்டால் டிசைன் பத்திரமா?

ஈரோட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சார், சட்னி கிண்ணம் மூடியிலேயே மாட்டிக்கொள்ளும்படி ஒரு டிபன் பாக்ஸ் வடிவமைத்திருக்கிறேன். கோயம்புத்தூரில் ஒரு மோல்டிங் யூனிட்டில் செய்யக் கொடுக்கப்போகிறேன். என்.டி.ஏ. (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்து வாங்கிவிட்டால் போதுமா?"

போதாது தம்பி. வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ரகசியம் என்று சொல்லித்தான் கொடுத்தீர்கள் என்பதற்கு அது ஆதாரம். ஆனால் நம் நாட்டில் வியாபார ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது. யூனிட்காரர் மீறினால் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள்தான் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். சில பேர் "இனி நீங்கள் டிபன் பாக்ஸே செய்யக் கூடாது" என்றுகூட எழுதி வாங்குகிறார்கள். தொழிலையே தடுக்கும் ஷரத்து ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி செல்லாது. உங்கள் டிராயிங்கை வைத்துச் செய்யக் கூடாது என்று எழுதுங்கள், அது நிற்கும்.

முதலில் பதிவு, அப்புறம்தான் டிராயிங் கைமாற வேண்டும். பாக்ஸின் தோற்றத்துக்கு டிசைன் பதிவு இருக்கிறது. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். 10 வருடப் பாதுகாப்பு, இன்னும் 5 வருடம் நீட்டிக்கலாம். கிண்ணம் மாட்டும் அந்த லாக் வேலை செய்கிற விதம் புதுசு என்றால் அதற்கு பேடன்ட்தான். புரொவிஷனல் (தற்காலிக) விண்ணப்பம் போட்டுத் தேதியைப் பிடித்துக்கொள்ளுங்கள், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் கிடைக்கும். விண்ணப்பங்களைப் போடும்வரை இன்ஸ்டாகிராமில் "கமிங் சூன்" போட்டோ எல்லாம் வேண்டாம். நீங்களே வெளியிட்டாலும் புதுமை போய்விடும்.

"டிராயிங்குக்குக் காப்பிரைட் இருக்கிறதே" என்பீர்கள். டிசைனாகப் பதியக்கூடியதைப் பதியாமல் விட்டு, பொருளை 50 தடவைக்கு மேல் தயாரித்துவிட்டால் அந்தக் காப்பிரைட் காலி. மோல்டிங் மெஷினுக்கு 50 பீஸ் ஒரு ஷிப்ட் வேலைகூட இல்லை.

இதையெல்லாம் விட எனக்குப் பெரிய கவலை மோல்டுதான், அதாவது பாக்ஸை வார்க்கும் அச்சு. காசு நீங்கள் கொடுத்திருப்பீர்கள், பில்லில் அதைப் பீஸ் விலையோடு கலந்து போட்டிருப்பார்கள். வேறு யூனிட்டுக்கு மாறலாம் என்று போய்க் கேட்டால் "மோல்டு எங்களுடையதுங்க" என்று பதில் வரும். எனவே மோல்டுக்கு உங்கள் பெயரில் தனி இன்வாய்ஸ் வாங்குங்கள். மோல்டு, 3டி ஃபைல் இரண்டும் உங்களுடையவை, கேட்டதும் திருப்பித் தர வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். மோல்டு ஸ்டீலிலேயே உங்கள் பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் லாக் பாகத்தின் மோல்டை மட்டும் வேறு யூனிட்டில் போட்டு, பொருத்துகிற வேலையை நீங்களே செய்யுங்கள்.

ராத்திரி ஷிப்டில் கூடுதலாக ஓட்டி வெளியே விற்பார்களோ என்ற பயமும் இருக்கும். மூலப்பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்து, பீஸ், ரன்னர் (அச்சுக்குள் மூலப்பொருள் ஓடும் வழியில் மிஞ்சும் துண்டு), ரிஜெக்ட் மூன்றையும் எடை போட்டுக் கணக்குக் கேளுங்கள். ரிஜெக்ட் பீஸை உங்கள் எதிரிலேயே அரைக்கச் சொல்லுங்கள்.

நாளைக்கே சீனாவில் செய்யப்போகிறீர்கள் என்றால் பிராண்ட் பெயரை அங்கே முதலில் பதிந்துவிடுங்கள். அங்கே யார் முதலில் விண்ணப்பிக்கிறார்களோ பெரும்பாலும் அவர்களுக்குத்தான் பெயர். ஃபேக்டரிக்காரர் முந்திக்கொண்டால் உங்கள் சரக்கையே அந்த ஊர்க் கஸ்டம்ஸில் நிறுத்தி வைக்க முடியும்.