நாலு நிமிடத்தில் தயாரான சாட்சி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த வீடியோவில் கொலை நடந்த விதம் முழுசாக வந்துவிடும். ஜப்பானிய எழுத்தாளர் செய்ச்சோ மாட்சுமோட்டோவின் ‘புள்ளிகளும் கோடுகளும்’ நாவலைப் படிக்கப் போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1957இல் ஒரு ஜப்பானியப் பயணப் பத்திரிகையில் தொடராகத் தொடங்கி, 1958இல் புத்தகமான கதை. யார் செய்தது என்பது நமக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். எப்படிச் செய்தான் என்பதில்தான் மண்டை காயும்.

[திரையில்: ஜப்பானின் தென்மேற்கு, ஃபுகுவோகா, காஷீ கடற்கரை]

ஜனவரிக் குளிர். பாறைகள் மேல் ஒரு ஆணும் பெண்ணும் அருகருகே இறந்து கிடக்கிறார்கள். சயனைடு. அவர் சயாமா, லஞ்ச விசாரணையில் மாட்டியிருக்கும் அமைச்சகத்தின் அதிகாரி. அவள் ஓதோகி, டோக்கியோ உணவகம் ஒன்றில் பரிமாறுகிறவள். காதல் ஜோடி சேர்ந்தே உயிரை விட்டிருக்கிறது என்று போலீஸ் கேஸை முடிக்கப் பார்க்கிறது.

உள்ளூர் துப்பறிவாளர் தோரிகாய்க்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. சயாமாவின் பையில் ரயில் டைனிங் காரின் ரசீது ஒன்று இருந்தது. அதில் ‘ஒருவர்’ என்று எழுதியிருக்கிறது. சாகப் போகிற காதலர்களில் ஒருவர் மட்டும் போய்த் தனியாகச் சாப்பிடுவாரா? வீட்டில் மகளிடம் கேட்கிறார். பசிக்காவிட்டாலும் கூடப்போய் ஒரு காபியாவது குடிப்பேன் என்கிறாள் அவள். எனக்கு இந்த நாவலில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

சரி, அவர்கள் ஜோடி என்று யார் சொன்னது? ஓதோகியோடு வேலை பார்த்த இரண்டு பெண்கள். யசுதா என்ற இயந்திர வியாபாரி அவர்களுக்கு விருந்து வைத்து, அப்படியே தன்னை வழியனுப்ப டோக்கியோ நிலையத்துக்குக் கூட்டிப்போகிறான். 13ஆம் பிளாட்பாரத்தில் நிற்கும்போது, அந்தப் பக்கம் 15இல் சயாமாவும் ஓதோகியும் ஃபுகுவோகா பக்கம் போகும் ‘அசகாஸே’ ரயிலில் ஏறுவது தெரிகிறது.

[திரையில்: 13, 14, 15 பிளாட்பாரங்கள், பக்கத்தில் கடிகாரம்]

இங்கேதான் விஷயம். நடுவில் ரயில்கள் வந்து நின்றுகொண்டே இருக்கும். அசகாஸே நிற்கிற நேரத்தில் 13இலிருந்து 15ஐப் பார்க்க முடிவது மாலை 5:57 முதல் 6:01 வரை மட்டுமே. வெறும் நாலு நிமிடம்! விருந்தின்போது யசுதா அடிக்கடி கைக்கடிகாரத்தைப் பார்த்தது இதற்காகத்தான். காசநோயால் பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கும் அவன் மனைவி ரியோகோவுக்கு ரயில் டைம்டேபிள் படிப்பதுதான் பொழுதுபோக்கு.

உண்மையில் அந்த இருவரும் காதலர்களே இல்லை. ஓதோகி வழியிலேயே இறங்கிவிட்டாள், ரசீதில் ‘ஒருவர்’ என்று இருந்தது அதனால்தான். அப்புறம் காஷீக்கு யசுதா ஓதோகியைக் கூட்டிவந்தான். ரியோகோ சயாமாவைக் கூட்டிவந்தாள். அங்கே கிட்டக்கிட்ட இரண்டு ரயில் நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடியைப் பார்த்ததாகச் சாட்சி உண்டு. அது ஒரே ஜோடி இல்லை, இரண்டு ஜோடி. ஆளுக்கொருவரைக் கொன்று, இருட்டில் உடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திவிட்டார்கள்.

ஒரு குறை சொல்லியே ஆகவேண்டும். கொலை நடந்த நேரத்தில் தான் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்ததாக யசுதா சாதிக்கிறான். நடுவில் கடலைக் கடக்க ஏறும் கப்பலின் பயணிகள் சீட்டுகளில் அவன் கையெழுத்திலேயே ஒன்று இருக்கிறது. டோக்கியோ துப்பறிவாளர் மிஹாராவுக்கு விமானம் என்ற யோசனை வர ஏகப்பட்ட பக்கங்கள் ஆகின்றன. இன்று படிக்கிறவர்கள் அதற்குள் பத்து தடவை ‘ஃப்ளைட்யா!’ என்று கத்தியிருப்பார்கள். அந்தக் கையெழுத்துச் சீட்டைக் கப்பலில் கொடுத்தது வேறொரு ஆள்.