சில்லரா, ஜன்னலா? கணினிக்குள் ஒரு கட்டடம்

[திரையில்: நியூயார்க், எம்பயர் ஸ்டேட் கட்டடம். உச்சியிலிருந்து இறங்கும் கேமரா ஐந்தாவது மாடியில் நிற்கிறது.]

வருடம் 2010. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் ஒரு பட்டறை ஓடிக்கொண்டிருக்கிறது. மற்ற மாடிகளில் கழற்றிய ஜன்னல்கள் இங்கே வருகின்றன. கண்ணாடியைப் பிரித்துக் கழுவுகிறார்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே மெல்லிய ஃபிலிம் ஒன்றை இழுத்துக் கட்டுகிறார்கள். மிச்ச இடைவெளியில், வெப்பம் சுலபமாகக் கடக்காதபடி, ஆர்கான், கிரிப்டான் வாயுக்களை நிரப்புகிறார்கள். அப்புறம் ஜன்னல் தன் பழைய இடத்துக்கே திரும்பிப் போகிறது. இப்படி மொத்தம் 6,514 ஜன்னல்கள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதத்துக்கு மேல் மறுபடி பயன்பட்டது.

இத்தனைக்கும் அந்தக் கட்டடத்தின் பெரிய தலைவலி ஜன்னல் இல்லை, சில்லர். கட்டடம் முழுவதையும் குளிர வைக்கும் ராட்சத இயந்திரங்கள் பழசாகிவிட்டன. புதிதாகப் போட வேண்டிய கட்டம். அப்படியிருக்க, யாராவது முதலில் ஜன்னலில் கை வைப்பார்களா?

கை வைக்கச் சொன்னது ஒரு மாடல். 1931-ல் திறந்த அந்த 102 மாடிக் கட்டடத்தை இன்னொரு முறை கட்டினார்கள், இந்த முறை கணினிக்குள்.

[திரையில்: கோட்டோவியமாக ஒரு அறை. சுவர், கூரை, ஜன்னல், ஒரு விளக்கு, ஒரு ஆள்.]

பெரிய கட்டடத்தை விடுங்கள், ஒரே ஒரு அறையிலிருந்து தொடங்கலாம். 10-க்கு 14 அடி, மேலே மொட்டை மாடி. சதுர மீட்டரில் சொன்னால் 13. மே மாத மதியம் மாடித் தரை 60 டிகிரி, அறைக்குள் 27 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 33. தட்டோடு இல்லாத வெறும் கான்கிரீட் கூரை, ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 4 வாட் வெப்பத்தை உள்ளே விடும். 13 பெருக்கல் 33 பெருக்கல் 4. கிட்டத்தட்ட 1,700 வாட்.

இது எவ்வளவு என்று புரிய, ஏசிக் கடையில் சொல்லும் 'டன்' கணக்கு உதவும். ஒரு டன் ஏசி என்றால் அதன் எடை ஒரு டன் இல்லை. ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அதே வேகத்தில் வெப்பத்தை வெளியே தள்ளும் இயந்திரம் அது. வாட் கணக்கில் ஏறத்தாழ 3,500. நம் அறையில் ஒரு டன் ஏசி மாட்டினால், அதன் உழைப்பில் பாதி கூரைக்கே போகிறது.

சரி, நோட்டுப் புத்தகத்திலேயே கணக்கு முடிந்துவிட்டதே, சிமுலேஷன் எதற்கு?

ஏனென்றால் இந்தக் கணக்கு பொய் சொல்கிறது. மாடித் தரை கொதிப்பது மதியம் 2 மணிக்கு. படுக்கையறை புழுங்குவதோ ராத்திரி 9 மணிக்கு! கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரமாகப் பார்த்து இறக்குகிறது. ஆக, 2 மணிக்கு உள்ளே வருவது 1,700 வாட்டை விடக் குறைவு. 9 மணிக்கு வருவது, வெளியே ஆறிப்போன காற்றை வைத்து நாம் ஊகிப்பதை விட அதிகம். இந்தத் தாமதத்தை ஒற்றைப் பெருக்கலில் பிடிக்க முடியாது. ஒவ்வொரு மணி நேரமும், போன மணி நேரத்தின் பாக்கியோடு சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வருடத்துக்கு 8,760 மணி நேரம்.

சிமுலேஷன் மென்பொருள் செய்வது இதைத்தான். அமெரிக்க எரிசக்தித் துறையின் 'எனர்ஜிபிளஸ்' 2001-லிருந்து கிடைக்கிறது, காசு கிடையாது. அறையின் அளவு, சுவரின் கனம், ஜன்னல் பார்த்த திசை, எத்தனை பேர், எத்தனை விளக்கு என்று எல்லாம் கொடுக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளே சுமார் 100 வாட் வெப்பம் விடுவார், அதுவும் கணக்கில் வரும். கூடவே ஊரின் வானிலைக் கோப்பு ஒன்று வேண்டும், மணிக்கு மணி வெயில், காற்று, ஈரப்பதத்தோடு. சென்னைக்கும் உண்டு.

[திரையில்: மறுபடியும் எம்பயர் ஸ்டேட். ஒரு ஜன்னலிலிருந்து விளக்குக்கும், விளக்கிலிருந்து சில்லருக்கும் அம்புக்குறிகள்.]

இப்போது நியூயார்க்குக்குத் திரும்புவோம். அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை அலசி, கடைசியில் எட்டை வைத்துக்கொண்டார்கள். ஜன்னல், குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் தடுப்பு, விளக்குகள், காற்றோட்டம் என்று போகிறது அந்தப் பட்டியல். என்னைக் கேட்டால் விஷயம் பட்டியலில் இல்லை, அம்புக்குறிகளில் இருக்கிறது. பகல் வெளிச்சத்தை ஒழுங்காகப் பயன்படுத்தினால் விளக்கு குறைகிறது. விளக்கு குறைந்தால் அது விடும் சூடு குறைகிறது, குளிரூட்டும் வேலையும் குறைகிறது. ஆனால் ஜனவரியில் அதே சூடு இல்லாததை ரேடியேட்டர் ஈடுகட்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது. தனித்தனியாகக் கணக்குப் போட்டு கடைசியில் கூட்டினால், ஒரே மிச்சத்தை இரண்டு தடவை எண்ணிவிடுவோம்.

எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டியபோது, குளிரூட்டும் தேவை 1,600 டன் குறையும் என்று வந்தது. நம் வீட்டு ஒன்றரை டன் ஏசிகள் ஆயிரத்துக்கும் மேலே! அந்த அளவு குறைந்தால் புதுச் சில்லர் எதற்கு? பழைய சில்லர்களின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளுறுப்புகளை மட்டும் மாற்றினால் போதும். இதில் மட்டும் மிஞ்சிய செலவு 1.7 கோடி டாலருக்கு மேல். வரிசையை மாற்றி, சில்லரை முதலில் வாங்கியிருந்தால்? ஜன்னல் வேலை முடிந்த பிறகு, தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் ஒன்று அரைகுறைச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும்.

எரிசக்தி 38 சதவீதம் குறையும், வருடத்துக்கு 44 லட்சம் டாலர் மிஞ்சும் என்றது மாடல். எல்லா வேலையும் முடிந்த பிறகு வரவேண்டிய தொகை அது. முதல் வருடம் மிஞ்சியது 24 லட்சம். வேலையை எடுத்த நிறுவனம் அந்த வருடத்துக்குக் கொடுத்திருந்த உத்தரவாதத்தை விட இது 5 சதவீதம் அதிகம்.

[திரையில்: மின்கட்டண அட்டை.]

மாடல் சொல்வதை எப்போது நம்பலாம்? கட்டடம் இப்போது இருக்கிறபடியே மாடலை ஓட்டி, வந்த விடையை உண்மையான பில்லோடு ஒப்பிட வேண்டும். ஆஷ்ரே (ASHRAE) என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் வழிகாட்டுதல் 14, மாதாந்திர பில்லோடு ஒப்பிடும்போது மொத்த வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங், எனவே வருடத்துக்கு ஆறே ஆறு புள்ளிகள். பரவாயில்லை, மீட்டரை நாமே தினமும் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டு மேல்மாடி அறையை நான் மாடலில் போட்டபோது, விடை பில்லை விடக் கணிசமாகக் குறைவாக வந்தது. சுவரின் கனத்தை மாற்றினேன். கூரையை மாற்றினேன். ஏசி பழசாகிவிட்டதோ என்று அதன் திறனைக் குறைத்தும் பார்த்தேன். ம்ஹூம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹாலில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், அறையின் கதவு பாதி திறந்திருக்கிறது, ஏசி ஓடுகிறது. "ஹாலுக்கும் கொஞ்சம் வரட்டுமே" என்றார் அப்பா. மாடலில் நான் அந்தக் கதவை 8,760 மணி நேரமும் மூடியே வைத்திருந்தேன்.

திறந்தேன். பில்லோடு ஒட்டி வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு விதமாக ஓட்டிப் பார்த்தேன். கதவை மூடினால் என்ன, மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடித்தால் என்ன. மூடினால்தான் மிச்சம் அதிகம், அதுவும் பைசாச் செலவில்லாமல். அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். இப்போது எங்கள் மாடி வெள்ளையாக இருக்கிறது.