ஊரைவிட்டு அனுப்பப்பட்ட டாக்டர், கேப் டவுன் துணைவேந்தர்: மம்பெலா ரம்பெலே

[திரையில்: டர்பன், அம்பிலோ சாலை, மருத்துவக் கல்லூரி வாசல்]

வணக்கம். டர்பனில் இருக்கும் இந்தக் கல்லூரியில் நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்து டாக்டர் ஆகியிருக்கிறார்கள். 1968-ல் வடக்கேயிருந்து இங்கே வந்து சேர்ந்தவர் மம்பெலா ரம்பெலே. அப்பா, அம்மா இருவரும் ஆசிரியர்கள்.

ஏன் டர்பன்? 1959-ல் வந்த சட்டப்படி, வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் மற்றவர்கள் சேர அமைச்சரின் அனுமதி வேண்டும். அதைக் கேட்டுக் காத்திருக்காமல் கருப்பின மாணவர்கள் மருத்துவம் படிக்க இந்த ஒரு கல்லூரிதான் இருந்தது. அவர்களுடைய விடுதி வென்ட்வொர்த்தில், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்குப் பக்கத்தில். கருப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஸ்டீவ் பிக்கோவும் அதே கல்லூரியில் படித்தவர். அவரோடு சேர்ந்து கருப்பின மாணவர் இயக்கத்தில் இறங்கினார் மம்பெலா. நம் டர்பன்காரர்களான ஸ்ட்ரினி மூட்லி, சாத்ஸ் கூப்பர் இருவரும் அந்த இயக்கத்தில் இருந்தவர்கள்தான். இருவரும் பிறகு ராபன் தீவுச் சிறைக்குப் போனார்கள்.

[திரையில்: கிராமத்துச் சாலை]

1972-ல் டாக்டர் பட்டம். 1975-ல் கிங் வில்லியம்ஸ் டவுனுக்கு வெளியே ஸனெம்பிலோ மருத்துவ நிலையத்தை நடத்தத் தொடங்கினார். பிரசவம், குழந்தை வைத்தியம், அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கான மருத்துவம் எல்லாம் அங்கே நடந்தன. அரசுக்கு இது பொறுக்கவில்லை. 1976-ல் விசாரணை இல்லாமல் சிறை.

1977 ஏப்ரலில், அவருக்கு யாரையுமே தெரியாத ட்ஸானீன் பகுதிக்கு, அங்கேயே இருக்க வேண்டும் என்ற தடை உத்தரவோடு, போலீஸ் கொண்டுபோய் விட்டது. அந்த உத்தரவில் அவர் பெயரையே தப்பாக எழுதியிருந்தார்கள்! அது செல்லாது என்று தெரிந்ததும் நேராக ஸனெம்பிலோவுக்குத் திரும்பிவிட்டார். ஆனால் சில நாட்களிலேயே, பிழை திருத்திய உத்தரவோடு போலீஸ் வந்து நின்றது.

செப்டம்பர் 12-ல் பிக்கோ போலீஸ் காவலில் இறந்தார். அவருடைய குழந்தையை வயிற்றில் சுமந்திருந்த மம்பெலா அப்போது ஆஸ்பத்திரியில். கரு கலைந்துவிடும் என்ற நிலை. இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. 

இங்கேதான் எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வருகிறது. தண்டனையாக அனுப்பிய ட்ஸானீன் பக்கத்து லென்யென்யே ஊரிலேயே இன்னொரு மருத்துவத் திட்டத்தை ஆரம்பித்தார். தடை உத்தரவுக்குள் இருந்துகொண்டே தபால் வழியில் பி.காம். படித்து முடித்தார்.

[திரையில்: கேப் டவுன், மலையடிவாரத்தில் பல்கலைக்கழகம்]

தடை நீங்கியபின் ஆய்வாளராகக் கேப் டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். வேலைக்காக ஊரைவிட்டு வந்தவர்கள் தங்கும் விடுதிகளில் ஆய்வு செய்தார். அங்கே ஒருவருக்குக் கிடைப்பது ஒரு கட்டில்தான். மனைவி, பிள்ளைகள், சட்டி பானை எல்லாம் அந்த ஒரு கட்டிலைச் சுற்றித்தான். 1991-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

1996-ல் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் ஆனார். தென்னாப்பிரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைமைக்கு வந்த முதல் கருப்பினப் பெண் அவர்தான். பெண் துணைவேந்தர் என்று பார்த்தால் நம் நேட்டாலில் பிரெண்டா கோர்லி 1994-லேயே வந்துவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2000-ல் உலக வங்கியின் நிர்வாக இயக்குநர்களில் ஒருவராகப் போனார். 2013-ல் சொந்தக் கட்சி தொடங்கினார், அது எடுபடவில்லை.

சரி, பாராட்டு மட்டும் போதாது. அவர் துணைவேந்தராக இருந்த காலத்தில்தான், 1999-ல், துப்புரவு போன்ற வேலைகளைப் பல்கலைக்கழகம் வெளி நிறுவனங்களிடம் கொடுத்தது. செலவைக் குறைக்க வேண்டியிருந்தது என்பது வாதம். ஆனால் அடிபட்டவர்கள் குறைந்த சம்பளக்காரர்கள். கட்டில் விடுதிகளை அவ்வளவு அருகில் இருந்து பார்த்தவர் இதற்குச் சம்மதித்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். 2015-ல் மாணவர்களும் தொழிலாளர்களும் சேர்ந்து போராடியபின், அந்த வேலைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது.