வலையைக் கரையில் பின்னுவோம்

நடுவர் அவர்களே, தங்கச்சிமடத்துச் சொந்தங்களே, வணக்கம். மேடையில் கேட்பவர் மனத்தை மாற்றுவது எழுதித் தயாரித்த பேச்சா, அந்த நேரத்து வேகத்தில் வரும் பேச்சா என்பது தலைப்பு. நான் எழுதித் தயாரித்த பேச்சின் பக்கம். எதிரணி நண்பர் "தாள் எதற்கு, மனசு போதும்" என்று கால்மணி நேரம் அருமையாகப் பேசினார். நடுவில் உள்ளங்கையில் இருந்த துண்டுச்சீட்டை மூன்று தடவை பார்த்தார். முன்வரிசைப் பிள்ளைகள் எண்ணிவிட்டார்கள்.

அவர் காட்டிய பெரிய சான்று விவேகானந்தர். 1893 சிகாகோ சர்வசமய சபையில் கையில் குறிப்பே இல்லாமல் பேசினார் என்றார். உண்மைதான். அவர் திரும்பி வந்து 1897 ஜனவரியில் இந்திய மண்ணில் இறங்கியது நம் பாம்பனில். நாமும் அவரை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் நண்பர், வரவேற்புக்குச் சுவாமி பதில் சொன்ன செப்டம்பர் 11-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டார். அதே சபையில் 19-ஆம் தேதி, இந்து சமயம் என்றால் என்ன என்று விளக்க வேண்டி வந்ததே, அன்றைக்குச் சுவாமி கட்டுரையாக எழுதிக்கொண்டுபோய் வாசித்தார். வணக்கம் சொல்ல மனசு போதும். விளங்கவைக்கத் தாள் வேண்டியிருந்தது.

"வாடைக்காற்றும் கச்சான்காற்றும் மாறி அடிக்கும், அதற்கேற்ப பாயைத் திருப்ப வேண்டாமா?" என்றும் கேட்டார். திருப்பலாம் ஐயா, பாயைக் கரையிலேயே தைத்து வைத்திருந்தால்!

எங்கள் பக்கத்தில் கடல்பாசி எடுக்கும் அக்கா ஒருவர். குறைதீர்க்கும் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். மகளின் பள்ளி நோட்டில் எழுதினார்கள். முதல் அரைப் பக்கம் முழுக்க 'மதிப்பிற்குரிய'. அப்புறம் கடன், தெருவிளக்கு, பாசி விலை, மகளின் படிப்பு, எல்லாம். மகள் செல்போனில் நேரம் வைத்து வாசித்தாள். ஏழு நிமிடம் ஓடியது. அப்போதுதான் அக்கா கேட்டார்: "கேக்கப்போறவரு யாரு? அவரு கையால ஆகுறது எது?" அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அடித்தார்கள். பிறகு வாய்விட்டு வாசித்து, மூச்சு முட்டிய இடத்தில் எல்லாம் வாக்கியத்தை உடைத்தார்கள்.

கூட்டத்தில் அக்கா தாளை எடுக்கவே இல்லை. விரல்களில் துணி சுற்றிய கையை மேசையில் வைத்தார். "ஐயா, இப்படிச் சுத்திக்கிட்டுத்தான் பாறையில பாசி எடுக்குறோம். மணல்ல காயப் போடுறோம். மண்ணு ஒட்டியிருக்குன்னு வியாபாரி எடையில கழிக்கிறாரு. காயப்போட ஒரு சிமெண்ட் களம் வேணும்." அவ்வளவுதான்.

அதிகாரி நிமிர்ந்து, "களம்னா எவ்வளவு பெருசும்மா? இடம் இருக்கா?" என்று கேட்டார்.

"நாப்பதுக்கு முப்பது அடி. கோயிலுக்குப் பின்னால புறம்போக்கு கிடக்குங்கய்யா."

இதைத்தான் நண்பர் 'அந்த நேரத்து வேகம்' என்பார். அந்தப் பதில் நோட்டின் நாலாம் பக்கத்தில், அடித்த வரிகளுக்கு நடுவே கிடந்தது. நான் பார்த்தேன். எழுதும்போதே "இவர் என்ன கேட்பார்?" என்று மகள் குடைந்திருக்கிறாள்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். என் தாளிலும் இவ்வளவுதான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.