நானோ குழாய்க்குள்ள தண்ணி ஓடினா எந்த வேகத்துல ஆட்டம் காணும்?

வணக்கம் நண்பர்களே. கார்பன் நானோ குழாய்க்குள்ள தண்ணி ஓடும்போது அதிர்வெண் என்ன, எந்த வேகத்துல குழாய் நிலை இழக்கும்னு இன்னைக்கு கணக்கு போட்டே பார்த்துடலாம்.

சமன்பாட்டுல நாலு உறுப்புதான். வளைவு விறைப்பு, மையவிலக்கு, கொரியோலிஸ், நிலைமம். மையவிலக்கு உறுப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும், ஏற ஏற விறைப்பைத் தின்னுடும்.

எண்ணுக்கு வருவோம். சுவரோட நடு ஆரம் 1 நானோமீட்டர், நீளம் 100. சுவர் தடிமன் 0.34 நானோமீட்டர்னா யங் குணகம் (பொருளோட விறைப்பு அளவு) 1 டெராபாஸ்கல். தடிமன் 0.066னு எடுத்தா 5.5 டெராபாஸ்கல். இது ரெண்டும் ஜோடி, பிரிச்சு எடுக்கக் கூடாது. 0.34-ஓட 5.5-ஐ சேர்த்தா விறைப்பு அஞ்சரை மடங்கு ஊதிடும், வரம்பு வேகம், அதாவது குழாய் நிலை இழக்கிற வேகம், 2.3 மடங்கு தப்பா வரும்.

சரியான ஜோடியைப் போட்டா, ரெண்டு முனையும் பின் போட்ட (நகராது, ஆனா சுழலும்) குழாய்க்கு வரம்பு வேகம் விநாடிக்கு கிட்டத்தட்ட 700 மீட்டர். நீளத்தை 1 மைக்ரோமீட்டர் ஆக்கினா 70. தண்ணி ஓடாம சும்மா நிறைஞ்சிருந்தா முதல் அதிர்வெண் 1.93 கிகாஹெர்ட்ஸ்.

எல்லாரும் நான்லோக்கல் விளைவைப் பத்தியே பேசுறாங்க, அதாவது ஒரு புள்ளியோட தகைவு சுத்தியிருக்கிற இடத்தோட திரிபையும் சார்ந்தது. அந்த விளைவோட நீள அளவான ஈ-நாட்-ஏ (e₀a) 2 நானோமீட்டர்னு வச்சாலும், 100 நானோமீட்டர் குழாய்ல அது வரம்பு வேகத்தைக் குறைக்கிறது வெறும் 0.2 சதவீதம். 20 நானோமீட்டர் குழாய்னா நாலரை சதவீதம் மாதிரி வரும். அப்ப சேருங்க. முதல்ல தடிமனைக் கவனிங்க.

அடுத்து கான்டிலீவர், அதாவது ஒரு முனை இறுக்கி மறுமுனை சும்மா விட்ட குழாய். நிறைய பேர் சறுக்குற இடம் இதுதான். கலெர்கின் முறையில (விலக்கத்தைச் சில அதிர்வு வடிவங்களோட கூட்டா எழுதித் தீர்க்கிற வழி) மையவிலக்கு உறுப்பைப் பகுதி தொகையீடு பண்ணி, ரெண்டு சாய்வோட பெருக்கமா எழுதிடுவாங்க. பின் முனைக்கு அது சரி. கான்டிலீவர்ல கடைசி முனையில விலக்கமும் பூஜ்யமில்ல, சாய்வும் பூஜ்யமில்ல, அதனால ஒரு விளிம்பு உறுப்பு மிச்சம் நிக்கும். அதை விட்டுட்டா ஃப்ளட்டரே (ஆட்டம் கூடிக்கிட்டே போறது) வராது. பரிமாணமில்லா வேகம் (நீளம், நிறை, விறைப்பை வச்சு அலகு நீக்கினது) 1.57-ல டைவர்ஜென்ஸ் (ஆடாம ஒரு பக்கமா வளைஞ்சு போறது) காட்டும், அதாவது சாதாரண தூணோட ஆய்லர் வளைவு. உங்க கோட்ல 1.57 வந்தா கோளாறு இதுதான். இரண்டாம் வகைக்கெழுவை அப்படியே வச்சு தொகையீடு பண்ணுங்க.

கலெர்கின்ல எடுக்கிற அதிர்வு வடிவங்கள் (மோட்) ரெண்டு பத்தாது. வரம்பு வேகம் அசையாம நிக்கிற வரைக்கும் ஏத்துங்க. ஆனா 12-ஆவது மோட்கிட்ட அந்த வடிவத்தோட சூத்திரத்துல வர்ற கோஷ், சின்ஷ் (cosh, sinh) ரெண்டும் 10-இன் 15 அடுக்கைத் தாண்டி, ஒண்ணையொண்ணு கழிக்கும்போது டபுள் பிரிசிஷன்ல மிச்சம் வர்றது குப்பைதான்.

இன்னொண்ணு, நிறை விகிதம் பீட்டா, அதாவது மொத்த நிறையில தண்ணியோட பங்கு. நம்ம எடுத்துக்காட்டுல 0.306. கான்டிலீவர்ல 0.3 பக்கம் வரம்பு வேகக் கோடு எஸ் மாதிரி மடங்கி படார்னு தாவும். தண்ணி சுவரை ஒட்டி நிக்காம சின்ன இடைவெளி விடும், அதைக் கணக்குல சேர்த்தா பீட்டா இறங்கி மடிப்புக்கு அந்தப் பக்கம் போயிடும். அதனால இங்க ஒரே ஒரு எண்ணைச் சொல்லாதீங்க, பீட்டாவை மாத்தி மாத்தி கோடா வரைஞ்சு காட்டுங்க.

பாகுத்தன்மைக்குன்னு தனி உறுப்பு சேர்க்காதீங்க. சுவர் உராய்வும் அழுத்த இறக்கமும் ஒண்ணையொண்ணு அடிச்சுடும்.

ஓட்டறதுக்கு முன்னாடி வேகம் பூஜ்யம் போட்டுப் பாருங்க. முதல் அதிர்வெண் (பரிமாணமில்லாதது) பின் முனைக்கு 9.87, ரெண்டு பக்கமும் இறுக்கினதுக்கு 22.37, கான்டிலீவருக்கு 3.516 வரணும். வரலைன்னா வேகத்தை ஏத்தாதீங்க, விளிம்பு நிபந்தனையைத் திரும்பப் பாருங்க.