அட்டை கழற்றாத கூடை

நேயர்களுக்கு வணக்கம்.

எனக்கு முன்னால், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில், ஒரு கூடை இருக்கிறது. வானொலியில் காட்ட முடியாது, கேட்க வைக்கலாம். கொஞ்சம் அழுத்துகிறேன்... கேட்டதா? காய்ந்த ஓலை முனகும் சத்தம். கடகத்தில் அரிசி அள்ளிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் இது பனையோலை அல்ல, தாழை. அவுஸ்திரேலியாவின் வடக்கே, ஆர்னம் லேண்டில் வளரும் ஒரு தாழை இனம். நம் கரையோரத் தாழைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடையின் வயிற்றைச் சுற்றி மூன்று பட்டைகள்: மஞ்சள், செம்மண் நிறம், மறுபடி மஞ்சள். கைப்பிடியில் ஒரு சிறு அட்டை கட்டியிருக்கிறது. வாங்கி மூன்று வருடமாகிறது, அட்டையை இன்னும் கழற்றவில்லை. ஏன் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் டார்வினில் குடியேறிப் பதினொரு வருடம். ஒகஸ்ட் மாதம் இங்கே உலர்காலம்; சட்டை முதுகில் ஒட்டாமல் வெளியே நடமாடக்கூடிய காலம். அந்த மாதத்தில்தான் டார்வின் பூர்வகுடிக் கலைச் சந்தை கூடுகிறது. 2007இல் தொடங்கியது. லராக்கியா என்ற பூர்வகுடி மக்களின் மண்ணில், கடலோர மாநாட்டு மண்டபத்தில் நடக்கிறது. பாலைவனத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் எழுபதுக்கும் மேற்பட்ட கலை மையங்கள் வருகின்றன. சந்தை நடத்துபவர்கள் விற்பனையில் தரகு எடுப்பதில்லை. விற்ற காசு முழுவதும் அந்தக் கலை மையங்களுக்கும் அவற்றின் ஊர்களுக்கும் போகிறது.

கலைச் சந்தை என்றதும் வெள்ளைச் சுவர், மெல்லிய பேச்சு, கையில் வைன் கிளாஸ் என்று நானும் நினைத்துத்தான் போனேன். உள்ளே போனால் நம் சேலைக்கடை! கன்வஸ் ஓவியங்களைத் தரையில் அடுக்கடுக்காகக் குவித்திருக்கிறார்கள். சனம் முழங்காலில் குந்தி ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிறது. அடியில் இருப்பதுதான் வடிவாக இருக்கும் என்ற நம்பிக்கை எல்லா இனத்தாருக்கும் பொதுவென்று அங்கேதான் கண்டேன்.

கலை மையம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டும். நம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களே உரிமையாளர்கள், அவர்களுக்குள்ளேயே நிர்வாகக் குழு. கன்வஸும் வர்ணமும் வாங்கிக் கொடுப்பது, முடிந்த வேலைக்கு எண் போட்டுப் பதிவது, விற்பது, செய்தவருக்குக் காசு கொடுப்பது எல்லாம் மையத்தின் பொறுப்பு. இதில் பேர்போன கதை பப்புன்யாவுடையது. நாட்டின் நடுவே, அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே கிடக்கும் ஒரு சிறு குடியிருப்பு. 1971இல் ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் ஊக்கம் கொடுக்க, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிக்கூடச் சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தார்கள். அடுத்த வருடமே கலைஞர்கள் தங்களுக்கென்று சொந்த நிறுவனம் பதிவு செய்துவிட்டார்கள். புள்ளிப் புள்ளியாக வரையும் ஓவியங்களை இன்று உலகம் முழுக்கத் தெரிகிறதென்றால், அதன் தொடக்கம் பெரும்பாலும் அங்கேதான்.

சரி, என் கூடைக்கு வருகிறேன். மண்டபத்தின் ஒரு மூலையில், தரையில் பாய் போட்டு, கால்களை நீட்டி ஒரு மூதாட்டி பின்னிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கத்தில் வயதில் மூத்த பெண்களை அன்ரி என்பார்கள். நமக்கு அது பழகின சொல்தானே, நானும் அன்ரி என்றே அழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவர் முதலில் கேட்டது, நான் எவடம் என்று. டார்வின் என்றேன். அது தெரியும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, பிறந்த மண் எது என்றார். இலங்கை, வடக்கு, கடலோரக் கிராமம் என்றேன். அம்மாவின் ஊரும் அதுவா என்று அடுத்த கேள்வி. யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலவே இருந்தது. இவர்கள் ‘கன்ட்ரி’ என்று சொல்லும்போது நாடு என்று மொழிபெயர்த்தால் பொருள் போய்விடும். ‘ஊர்’ என்ற நம் சொல்தான் கிட்ட வரும்.

அவர் வேலை செய்ததைச் சொல்கிறேன். தாழையின் நடுக் குருத்து ஓலைகளைக் கொக்கத்தடியால் இழுத்து எடுப்பார்களாம். ஓலையின் ஓரமெல்லாம் முள். அந்த ஓரத்தைக் கிழித்து எறிந்துவிட்டு, நகத்தால் ஓலையை நீளவாக்கில் வார்ந்து, காயவைத்து, தகரத்தில் வேர்களோடு சேர்த்து அவிப்பார்கள். ஒரு வேர் மஞ்சள் கொடுக்கும். அதே மஞ்சளில் சாம்பலைப் போட்டால் சிவப்பு. கடைச் சாயம் ஒரு துளி இல்லை.

அன்ரி ஓர் ஓலையை எடுத்துப் பெருவிரல் நகத்தை நுனியில் வைத்து ஒரு சுண்டு சுண்டி வார்ந்தார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. அம்மம்மா சார்வோலை வார்வது அப்படியே இதுதான்: அதே நகம், அதே சுண்டு, வார்ந்த ஓலையை உதட்டில் ஒருதரம் இழுத்து ஈரமாக்குவதும் அதேதான்.

மூன்று பட்டைகளைக் காட்டி, இவற்றுக்கு என்ன அர்த்தம் என்று பயபக்தியோடு கேட்டேன். அன்ரி என்னை ஒரு பார்வை பார்த்தார். “இது கூடை. சாமான் வைக்கிறது” என்றார். பக்கத்தில் இருந்த பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எல்லாவற்றிலும் ஓர் ஆதிகாலக் கதை இருக்க வேண்டுமென்று நாங்கள்தான் எதிர்பார்க்கிறோம். கதை உள்ளவையும் உண்டு. அப்போதும் வெளியாருக்குச் சொல்லக்கூடிய கதை வேறு, உள்ளே வைத்துக்கொள்ளும் கதை வேறு. ஓவியத்தை வாங்கலாம், கதை அந்தக் குடும்பத்திடமே இருக்கும்.

இனி அந்த அட்டை. செய்தவரின் பெயர், ஊர், தாழை என்ற விவரம், பதிவு எண், அவ்வளவுதான். அதற்காக நான் கொடுத்த விலை சந்தையில் கொடுத்ததல்ல, அதற்கு ஏழு வருடம் முன்னால் கொடுத்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில், வேறொரு நகரத்துச் சுற்றுலாக் கடையில் ஒரு பூமராங் வாங்கி ரொறன்ரோவில் இருக்கும் மாமாவுக்கு அனுப்பினேன். புள்ளிகள், கங்காரு, பல்லி எல்லாம் அதில் இருந்தன. ஒரு மாதம் கழித்து மாமா தொலைபேசியில், “பிள்ளை, அடியில் ஒட்டியிருக்கிற துண்டை வாசித்தனியோ? இதை நான் இங்கேயே பாதி விலைக்கு வாங்கியிருப்பேனே” என்றார். தூரத்து நாடு ஒன்றில் செய்து கப்பலில் வந்த சாமான். செய்தவர் பெயர் எங்கும் இல்லை.

ஏமாந்தது நான் மட்டுமல்ல என்பது பிறகு தெரிந்தது. நினைவுப் பொருட்களாக விற்கப்படும் ‘பூர்வகுடிக் கலை’யில் பாதிக்கும் மேல் பூர்வகுடிகள் கைபடாதது என்று 2022இல் அவுஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணைக்குழு அறிக்கை வெளியிட்டது. 2019இல் ஒரு நிறுவனத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் 23 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. இந்தோனேசியாவில் செய்த பூமராங், டிஜெரிடூ என்ற நீள ஊதுகுழல் போன்ற 18,000க்கும் அதிகமான பொருட்களைப் பூர்வகுடிகளின் கைவேலைபோல விற்றார்கள் என்பது வழக்கு. கவனியுங்கள், போலி செய்ததற்காக அல்ல அபராதம். வாங்குபவரை நம்பவைத்துப் பொய் சொன்னதற்காக. பொய் சொல்லாமல் அதே புள்ளிகளை யாரும் அச்சடித்து விற்றால் அந்த நுகர்வோர் சட்டம் அவர்களைப் பிடிக்காது. எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத விஷயம் இது.

அடுத்துச் சொல்லப்போவதில் இறந்துபோன இரண்டு கலைஞர்களின் பெயர்கள் வரும். மறைந்தவர் பெயரை உச்சரிப்பதைப் பல பூர்வகுடிச் சமூகங்கள் தவிர்க்கும், அதனால் இங்குள்ள வானொலிகளில் முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். நானும் சொல்லிவிடுகிறேன்.

1966இல் அவுஸ்திரேலியா டொலருக்கு மாறியபோது, புதிய ஒரு டொலர் தாளின் பின்புறத்தில் ஒரு மரப்பட்டை ஓவியத்தை அச்சிட்டார்கள். வரைந்தவர் டேவிட் மலாங்கி, ஆர்னம் லேண்ட்காரர். அவரிடம் யாரும் கேட்கவில்லை. நாடு முழுவதும் அவருடைய ஓவியத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தது, அவருக்கு ஒரு சதம் போகவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு ஆயிரம் டொலர், ஒரு பதக்கம், மீன்பிடிச் சாமான் பெட்டி ஒன்று கொடுத்தார்கள். அந்த மீன்பிடிப் பெட்டியை யோசித்தது யாரென்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

இன்னொருவர் ஜோனி வாரங்குலா, பப்புன்யாவின் முதல் தலைமுறை. 1972இல் அவர் வரைந்த மழைக் கதை ஓவியம் ஒன்று அப்போது 150 டொலருக்குப் போனது. 1997இல் அதே ஓவியம் ஏலத்தில் 2,06,000 டொலர். 2000இல் மறுபடியும் ஏலம், இந்தத் தடவை 4,86,500. இரண்டு தடவையும் அவர் உயிரோடு இருந்தார், இரண்டு தடவையும் அந்த விலையில் சட்டப்படி அவருக்குப் பங்கு இல்லை. மறுவிற்பனையில் கலைஞருக்கு நூற்றுக்கு ஐந்து கொடுக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஜூனில்தான். ஆயிரம் டொலரும் அதற்கு மேலும் விலை போகும் மறுவிற்பனைக்கு அது பொருந்தும். விற்றவர் யார், வரைந்தவர் யார் என்ற பதிவு இல்லாவிட்டால் அந்த ஐந்து வீதத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? சிறு அட்டையின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

மரப்பட்டையில் இவர்கள் எழுதியது ஓவியம் மட்டுமல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1963இல் ஆர்னம் லேண்டின் யிர்கலா ஊர் மக்கள், தங்கள் நிலத்தில் பொக்சைட் சுரங்கம் வருவதை எதிர்த்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். தட்டச்சு செய்த தாளை மரப்பட்டையில் ஒட்டி, சுற்றிவரத் தங்கள் குலச் சித்திரங்களை வரைந்திருந்தார்கள். நிலத்துக்கு அதுதான் அவர்களின் உறுதிப்பத்திரம். சுரங்கம் நிற்கவில்லை. மனு இன்றைக்கும் கன்பரா நாடாளுமன்றக் கட்டடத்தில் பார்வைக்கு இருக்கிறது.

எல்லாம் இப்படிக் கனமாக இருக்கும் என்று பயப்பட வேண்டாம். சந்தையில் சிரிக்க நிறைய உண்டு. மத்திய பாலைவனத்துப் பெண்களின் ‘சான்பி’ குழு புல்லால் நாய், பறவை, ஒட்டகம் எல்லாம் பின்னுகிறது. சான்பி என்றாலே அவர்கள் மொழியில் புல். 1995இல் கூடை பின்னத் தொடங்கியவர்கள், பத்து வருடத்தில் உண்மை அளவுக்கு ஒரு டொயோட்டா வாகனத்தையே புல்லால் பின்னி, 2005இல் நாட்டின் முதன்மைப் பூர்வகுடிக் கலை விருதை வாங்கிக்கொண்டு போனார்கள். பாலைவனத்தில் டொயோட்டா எவ்வளவு முக்கியம் என்று அங்கே ஒருதரம் மணலில் புதைந்தவருக்குத் தெரியும்.

அப்புறம் புளி. அன்ரியின் ஊர்க் கடற்கரையில் பெரிய புளியமரங்கள் நிற்கின்றன. முன்பு இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலிருந்து மக்கஸ்ஸார் வணிகர்கள் கடலட்டை பிடிக்கப் பாய்க்கப்பலில் வருவார்கள், 1906, 1907 வரைக்கும் வந்தார்கள். அவர்கள் தங்கிய இடமெல்லாம் புளியமரம். வெள்ளைக்காரர் குடியேறுவதற்கு முன்பே தொடங்கிய வியாபாரம் அது. ஆர்னம் லேண்டின் யொல்ங்கு மக்களின் மொழியில் காசுக்கு இன்றும் ‘ருப்பியா’ என்றுதான் சொல்வார்கள். கடலட்டை, புளி, ரூபாய். எங்கள் மன்னாரிலும் கடலட்டைதானே என்று அன்ரியிடம் சொன்னேன். அதைச் சாப்பிடுவீர்களா என்றார். இல்லை, விற்பதுதான் என்றேன். “நாங்களும்” என்றார்.

நான் கூடைக்குக் காசு கொடுத்து எழும்பப் போகும்போது, அன்ரி ஒரு தாழை ஓலையை என் மடியில் போட்டார். உங்கள் அம்மம்மா எப்படிப் பின்னுவார், காட்டு என்றார். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைப் பற்றி அதற்கு முன்னால்தான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கூம்பு வடிவம், அடியில் ஒரு முடிச்சு என்று. அந்த அடி எப்படி முடிகிறது என்று அவர் கேட்டார். ஓலையை இப்படித் திருப்பினேன், அப்படித் திருப்பினேன். வரவில்லை. கூம்பு கையில் விரிந்து விரிந்து போனது. அன்ரி ஒன்றும் சொல்லவில்லை, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பேத்தி இந்தத் தடவை சிரிக்கவில்லை.

இந்த ஒகஸ்ட்டிலும் போகிறேன். அவர் வருவாரென்று அந்தக் கலை மையத்தில் சொன்னார்கள். ஊரில் அம்மாவிடம் நீத்துப்பெட்டி அடி முடிக்கிற வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். போன வாரம் வந்தது. நான்கு நிமிடம், பாதிக்கு மேல் அம்மாவின் பெருவிரல்தான் தெரிகிறது. மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.